கைக்குட்டையில் நீலம்

தலையணைப் பட்டறையில் அவருக்கு அருவி என்று பெயர். எல்லாம் அவருடைய மூக்கின் புண்ணியம். தையல் கடைகளில் கழித்துப்போட்ட துணித் துண்டுகளை இயந்திரத்தில் கொட்டிப் பஞ்சாகப் பிய்த்தெடுப்பது அவர் வேலை. அந்தப் பஞ்சு அடைத்த தலையணைகளில் ஊரே நிம்மதியாகத் தூங்க, அவர் மூக்கு மட்டும் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவர் மூக்கைத் துடைத்த கைக்குட்டைகளைத் துவைத்துத் துவைத்து அவர் மனைவிக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. சிவப்புத் தெரிந்தால், "இன்னிக்குத் திரைச்சீலைத் துண்டா?" என்பாள். நீலம் என்றால், "பள்ளிக்கூடச் சட்டையாக்கும்." சளியில் ஜோசியம் பார்த்த ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள். ஒருநாளும் தப்பியதில்லை.

பட்டறையை ஒட்டி விற்பனை அறை திறந்ததும் வந்தது வினை. முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணே, தலையணை வாங்க வர்றவங்க எதிர்ல இப்படி உறிஞ்சிக்கிட்டு நின்னா எவன் வாங்குவான்? மூக்கை அடக்குங்க. இல்லேன்னா வேற இடம் பாத்துக்கங்க."

இந்த வயதில் வேறு இடமாவது மண்ணாவது! யாரையும் கேட்காமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொண்டார். மூக்கு வறண்டது. முதலாளிக்குப் பரம திருப்தி.

விட்டது சனி என்றுதான் மனைவியும் முதலில் நினைத்தாள். ஆனால் ஒருநாள் குழாயடியில் அவர் கைக்குட்டையை விரித்தபோது ஏதோ உறுத்தியது. அவர் சட்டையை உதறினால் நீலத் தூசி. காதுமடலிலும் நீலம். கைக்குட்டை மட்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"ஏங்க, தூசி எங்க போச்சு?"

"எந்தத் தூசி?"

"தினம் மூக்குல வருமே, அதுதான். மெஷின் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? வெளிய வரலேன்னா எங்கதான் போகுது?"

"ஒழுகினாலும் பேச்சு, நின்னாலும் பேச்சா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கொஞ்ச நாளாகவே அந்த இருமல். படியேறினால் மூச்சும் வாங்கியது. அவள் அவரைக் கையோடு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போய், அங்கேயும் அதையே கேட்டாள்.

"நல்ல கேள்விம்மா. மூக்கு, மூச்சுக்குழாய் உள்ள எல்லாம் ஈரமான சவ்வு. அதுல ஊறுற சளி தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடிச்சுக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைங்க அதைத் தொண்டைக்குத் தள்ளிக்கிட்டே இருக்கும். நாம தெரியாமலே முழுங்கிடுவோம். மிச்சத்தை வயித்து அமிலம் பாத்துக்கும். இவர் மாத்திரை போட்டு ஈரத்தைக் காயவெச்சிட்டார். சளி கெட்டியாகி, தள்ளுற வேலை மந்தமாயிடுச்சு."

"இத்தனை வருஷமா முழுங்கிட்டா இருந்தேன்?" அவர் முகம் கோணியது. அவளுக்கோ ஆவல் அடங்கவில்லை.

"அப்ப எச்சில், கண்ணீர்?"

"அதுவும் கிருமியைத் தடுக்கிற காவல்தான். மாத்திரையை நிறுத்துங்க, ஈரம் திரும்பினா உள்ள தங்கின தூசியும் மெல்ல வெளிய வரும்."

மாத்திரை நின்றது. முதலாளியிடம் அவளே போய் நின்றாள். "முகக்கவசம் வாங்கிக் கொடுங்க. தூசியும் குறையும். மூடின மூக்கு ஒழுகினா எவனுக்குத் தெரியும்?" முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார்.

அதன்பின் தினமும் சாயங்காலம் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தாள். வெள்ளைதான். இருமலும் விடவில்லை. காலம் கடந்துவிட்டதோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் பிரித்தவள் வாசலுக்கே ஓடிவந்தாள். ஈரத்தின் நடுவே மெல்லிய நூலாய் ஒரு நீலம்.

"வந்துடுச்சுங்க! பள்ளிக்கூடச் சட்டை!"

"கத்தாதே, பக்கத்து வீட்டுல சிரிக்கப் போறாங்க" என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ள அந்தக் கைக்குட்டையையே தூக்கினாள். அவர் சட்டென்று அவள் கையைப் பிடித்து, தன் தோள்துண்டை நீட்டினார்.