பிஸ்கட் டின் கம்ப்யூட்டர்

ரேடியோ ரிப்பேர்காரனுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று மூன்று வீட்டில் கைவிரித்துவிட்டார்கள். நான்காவது வீட்டுக்காவது கம்ப்யூட்டர்காரனாகப் போவோம் என்று முடிவெடுத்தேன். சென்னையில் வாங்கிய சிப்பு, பழைய கால்குலேட்டரில் பிடுங்கிய பொத்தான், ஸ்கூட்டர் பேட்டரி எல்லாவற்றையும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் திணித்தேன். கள்ளக்குறிச்சியில் என் கடைக்கு வந்தவர்களெல்லாம் மூடியைத் திறந்து பிஸ்கட் தேடினார்கள்.

திருநாவலூரில் கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது டின்னையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மகள் கண்ணகி காபி கொடுத்தாள். பார்த்த மாத்திரத்தில் இவள்தான் என்று தோன்றிவிட்டது. ஏழையும் எட்டையும் கூட்டிக் காட்டினேன். அந்த மிஷின் கணக்கில் பதினைந்துக்கு ‘எஃப்’ என்ற எழுத்துதான் வரும். வந்தது.

“இன்னா தம்பி, ஃபெயிலுன்னு சொல்லுதா?” என்றார் கொளஞ்சியப்பன்.

நான் விளக்க விளக்க, அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கண்ணகி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். “யோசிச்சு சொல்றோம்” என்றார் அவர். ஏற்கெனவே மூன்று வீட்டில் கேட்ட வார்த்தை.

இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த எண்பத்தேழாம் வருஷம் அது. நான் கிளம்புவதற்குள் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

“நடந்துதான் போவணும். ஒயரு தொங்குற டின்னோட போனா போலீஸ்காரன் சும்மா வுடமாட்டான். இங்கியே வெச்சிட்டுப் போங்க, அனுப்பி வெக்கிறேன்” என்றார்.

வந்த பாத்திரத்தை எங்கள் பக்கம் வெறுமனே திருப்ப மாட்டார்கள். உறவு வேண்டாம் என்றால்தான் வெறும் பாத்திரம் வரும். டின் நிறைந்து வரவேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். அதற்குள் என் கம்ப்யூட்டர் இருப்பது அந்த நேரத்தில் இந்த மேதாவிக்கு நினைவில்லை.

மறியல் முடிந்ததும் கொளஞ்சியப்பனின் தம்பி சின்னக்கண்ணு டின்னைக் கொண்டுவந்தார். கொடுத்ததைவிடக் கனமாக இருந்தது. திறந்தேன். விளிம்பு வரை வெல்லம். இளகி, பொத்தான் இடுக்கிலெல்லாம் இறங்கியிருந்தது. என் இரண்டு வருஷ உழைப்பின் மேல் எறும்பு ஊர்ந்தது. சந்தோஷம் தாங்காமல் அழுதுவிட்டேன். சின்னக்கண்ணு, மிஷினுக்காக அழுகிறேன் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

வெல்லம் போன வீட்டோடு சம்பந்தம் பேசாமல் இருக்கக் கொளஞ்சியப்பனால் முடியவில்லை. கல்யாணமான பிறகு கண்ணகியிடம் கேட்டேன்: “உள்ள மிஷினு இருந்தது தெரியலியா?”

“தெரியும். டின்ன அப்படியே குடுத்தனுப்புன்னுதான் அப்பா சொன்னாரு. அப்படியே வந்திருந்தா, அத்த தூக்கிக்கினு நீங்க அஞ்சாவது வூட்டுக்குப் போயிருப்பீங்க” என்றாள்.