நிழல் பக்கத்து இருக்கை

கம்பெனிப் பேருந்தின் ஜன்னல் திரை நீல நிறம். துவைத்துத் துவைத்து வெளிறி, ஓரத்தில் கிழிந்த இடத்தை சேஃப்டி பின் போட்டுப் பிடித்திருந்தார்கள். வாலாஜாபாத்தில் ஏறும் அக்கா, வெயில் படாத பக்கமாகப் பார்த்துத் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்துவிடுவார். இரண்டு நிறுத்தம் தள்ளி நான் ஏறி உட்கார்ந்ததும் அந்தத் திரையையும் இழுத்து விடுவார். "வெயில்ல காஞ்சிக்கினு போனா கறுத்துப்பூடுவ. அப்பறம் மாப்ள எங்க வருவான்?" என்பார். நிழல் பக்கத்துக்காக அந்தப் பேருந்தில் குடுமிப்பிடிச் சண்டையே நடக்கும். ஸ்கூட்டியில் வரும் பெண்களோ கையுறை, துப்பட்டா என்று கண் மட்டும் தெரிய வருவார்கள். அதன் பிறகு எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் பன்னிரண்டு, ஜன்னலே இல்லாத ஹாலில் தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை அங்கியில் இருப்போம். வெயிலிடமிருந்து தப்பித்துவிட்டதாக எங்களுக்கு ஒரே பெருமை.

ஒரகடத்தில் எலக்ட்ரானிக்ஸ் போர்டு செய்யும் எங்கள் லைனில், அந்தப் போர்டுகளைச் சோதிக்கிற வேலை அக்காவுக்கு. ஷிப்ட் மாறும்போது மற்றவர்கள் ரிஜிஸ்டரைப் பார்த்து ஒப்பிப்பார்கள். அக்கா எதையும் பார்க்க மாட்டார். எந்த மெஷின் மக்கர் பண்ணியது, எந்த டிரேயில் எத்தனை பெயில், டீ குடிக்கப் போனவள் எவ்வளவு லேட்டாக வந்தாள் என்பது வரை கடகடவென்று சொல்வார். அக்கா தலையில் இரண்டு மெமரி கார்டு இருக்கிறது என்று கிண்டல் செய்வோம்.

நாற்பது தாண்டியபின் அக்காவின் அந்த ஞாபகசக்தி மெல்ல மங்கியது. ஐடி கார்டை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். கேட்டதையே திரும்பக் கேட்டார். இடுப்பு வலி, அசதி என்றார். உட்கார்ந்த இடத்தில் காரணமில்லாமல் கண் கலங்கினார். நாங்கள் வயசாகிவிட்டது என்று சிரித்தோம். ஒருநாள் எனக்கு இடம் பிடிக்க மறந்துபோனார். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அதற்குள் நான் லைன் லீடர் ஆகியிருந்தேன். ஒரு மதியம், பெயிலான போர்டு டிரேயை அக்கா பாஸ் ஆனவற்றை வைக்கும் ரேக்கில் வைத்துவிட்டார். அது மூன்றாவது முறை. சூப்பர்வைசர் ரிப்போர்ட் கேட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைக்குள்ள இன்னாவோ ஆவுதும்மா. பஞ்ச வெச்சி அடைச்சா மாரி கீது. நாளைக்கி டாக்டராண்ட போய்ட்டு வந்துர்றேன். அது வரைக்கும் எழுதாத."

நான் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதாவிட்டால் என் தலை உருளும் என்ற பயம். ஒப்பந்தத் தொழிலாளிதானே, அந்த வாரத்தோடு அக்காவை நிறுத்திவிட்டார்கள். ஒரு போன் செய்யக்கூட எனக்குத் துணிவில்லை.

ஒரு வருடம் கழித்து வாலாஜாபாத்தில், ஒரு மெஸ் வாசலில் காலை வெயிலில் உட்கார்ந்து அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் என்னைக் கூப்பிட்டார். ரத்தத்தில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்ததாம். மறதிக்கு அது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இவ்வளவு குறைந்தால் எலும்போடு மூளையும் மனசும்கூடச் சோர்ந்துபோகலாம் என்றாராம் டாக்டர். வாரம் ஒரு பாக்கெட் பவுடரைப் பாலில் கலக்கிக் குடித்து, மாதக்கணக்கில் மெல்லத் தெளிந்திருக்கிறார். "பஸ்ஸு கண்ணாடி வழியா வர்ற வெயிலு ஒதவாதாம். நேரா ஒடம்புல படணுமாம்" என்று சிரித்தார்.

பிறகு என் எம்ப்ளாயி நம்பரைச் சொன்னார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கட்டியிருந்த புடவையின் நிறத்தைச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அப்போதுதான் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அன்னிக்கி கவனக்குறைவுன்னுதான எழுதுன? பேனாவ வெச்சிக்கினு கொஞ்ச நேரம் யோசிச்ச. அப்பறம் எழுதிட்ட. அதுவும் ஞாபகம் கீது."

அந்த ஒன்றை மட்டும் மறந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இப்போதும் அதே பேருந்துதான், அதே நீலத் திரைதான். எனக்கு யாரும் இடம் பிடிப்பதில்லை. நானே வெயில் பக்கம் போய் உட்கார்ந்து திரையை விலக்குகிறேன். "யக்கா, மூடுக்கா, மூஞ்சில அடிக்குது" என்று பின் சீட்டுப் பெண் சலித்துக்கொள்கிறாள். கண்ணாடி வழியாக வரும் வெயிலால் ஒரு பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறேன்.