தமிழில் அழுபவளுக்கு ஓர் உளவியலாளர்

என் தங்கை நிர்மலா, கனேடிய இராணுவத்தில் இருக்கும் கணவருடன் ஜெர்மனியில் ஒரு படைத்தளத்துக்குள் வசிக்கிறாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்கு ஓயாத அழுகை.

தளத்தில் உளவியலாளர் ஒருவர் இருக்கிறார். ஆனால், "அண்ணை, எனக்கு அழுகை தமிழிலதான் வருகுது. அவருக்கு இங்கிலிஷில என்னெண்டு சொல்லுறது?" என்றாள்.

மொன்றியலில் இருக்கும் நான் தமிழ் தெரிந்த உளவியலாளரைத் தேடத் தொடங்கினேன். எத்தனையோ இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். போன கிழமை, பக்கத்து ஊரான லொங்குய்யில் ஒரு கிளினிக்கில் ஒரு பெண் பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார். என் பெயரைச் சொன்னதும், "நீங்கள் தமிழோ? சொல்லுங்கோ," என்றார். உளவியலாளரே அவர்தான்.

நேர வித்தியாசத்துக்காக இன்று விடிய ஐந்து மணிக்கு எழும்பி, கணினிக் கமராவில் தங்கையோடு இருந்திருக்கிறார்.

முடிந்ததும் தங்கை எனக்கு எடுத்தாள். குரல் தெளிந்திருந்தது.

"என்ன சொன்னவா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. ஒரு மணித்தியாலம் நான்தான் கதைச்சனான். அவ கேட்டுக்கொண்டே இருந்தவ. பேந்து எனக்குப் பசிச்சுது, சாப்பிட்டனான்."

எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. ஒரு மணித்தியாலம், இடையில் ஒரு புத்திமதியும் சொல்லாமல் கேட்கக்கூடிய இன்னொரு தமிழரை யாராவது கண்டிருந்தால் கீழே எழுதுங்கள்.