இரட்டை என்ஜின் கேப்டன்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவரைக் கேப்டன் என்று முதலில் கூப்பிட்டது அவருடைய மச்சினன்தான். கேலியாகத்தான் கூப்பிட்டான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பெட்ரோல் மலிவாக இருந்த காலத்தில் இரட்டை என்ஜின் மோட்டார் படகு ஒன்றை வாங்கினார். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் வாரமெல்லாம் கண்ணாடிச் சில்லு தேய்த்த கைவலி போய்விடும் என்பார். பிறகு பெட்ரோல் விலை ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை.

"யானையைக் கட்டித் தீனி போட முடியாதும்பாங்க. யானைக்காவது ஒரு வாய். இது ரெண்டு வாயால குடிக்குது" என்றாள் மனைவி. அந்தப் படகில் காலெடுத்து வைப்பதில்லை என்று சபதமும் செய்தாள்.

படகுத்துறை என்பது பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த நீளமான மிதவை. இரு பக்கமும் படகுகள்; ஏரியைப் பார்த்த முனையில் கேப்டனுடையது. விலை ஏறிய பிறகும் சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதை விடவில்லை. படகை அவிழ்ப்பதை மட்டும் விட்டார்கள். உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, கட்டிய படகிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, பக்கத்துப் படகுக்குக் கையசைத்துவிட்டு வீடு திரும்புவார்கள். அவர்களில் ஒருவரான பல் டாக்டருக்கு அந்த ஆட்டத்துக்கே குமட்டும்.

என்ஜின் இறுகிவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை சற்று ஓடவிடுவார்கள். அப்போது படகு பாய்ந்துவிடாதபடி பின்பக்கத்தை மிதவையோடு தடிக்கயிறு ஒன்றால் கூடுதலாகக் கட்டவேண்டும் என்பது துறையின் சட்டம். முதலில் தடிக்கயிறு, பிறகு சாவி. வருஷக்கணக்கில் கேப்டனின் கை அப்படியே பழகியது. யாரும் எங்கும் போகப்போவதில்லை என்று தெரிந்துகொண்ட துறைக்காரரும், மிதவையைக் கரையோடு பிணைத்திருந்த சங்கிலியை விற்றுவிட்டு, துணி காயப்போடும் கொடிக்கயிற்றைக் கட்டிவைத்தார்.

கடைசியில் கேப்டன் படகை விற்கச் சம்மதித்தார். வாங்கத்தான் ஆளில்லை. ஒற்றை என்ஜின் படகுகளையாவது சிலர் கேட்டார்கள். துடுப்புப் படகுக்கு அடிதடி. இரட்டை என்ஜின் என்றதும் போனை வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு ஜூஸ் கடைக்காரர் வந்தார்.

"நடுவுல அறுத்துடுவேன். முன்பாதி கல்லாவுக்கு, பின்பாதி டம்ளர் கழுவுற தொட்டிக்கு."

கேப்டனுக்குத் தன்னையே அறுத்தது போலிருந்தது.

"ஒரு தடவை ஏறிச் சுத்திப் பாருங்க. அப்புறமும் அறுக்கணும்னு தோணுச்சுன்னா அறுத்துக்கோங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜூஸ் கடைக்காரர் வந்து ஏறினார். விற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று வந்திருந்த மனைவி, மிதவையின் நடுவில் நாற்காலி போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மச்சினன் குடை பிடித்தான். மற்றவர்கள் தத்தம் படகில் சாப்பிட்டார்கள்.

கேப்டன் டப்பாவிலிருந்து பெட்ரோலை ஊற்றினார். படகை எப்போதும் கட்டியிருக்கும் கயிற்றை எல்லோரும் பார்க்கும்படி அவிழ்த்தார். பிறகு அவருடைய கை, அவரைக் கேளாமலே, தடிக்கயிற்றை இறுக்கிக் கட்டியது. சாவி திரும்பியது. இரண்டு என்ஜினும் உறுமின. படகு அசையவில்லை.

"நகரலையே" என்றார் ஜூஸ் கடைக்காரர்.

"ரொம்ப நாளா உட்கார்ந்தே இருந்ததில்ல? மூட்டு பிடிச்சிருக்கும்."

விசையைக் கடைசிவரை தள்ளினார். கரையில் எதுவோ படீரென்றது. படகு புறப்பட்டது.

"நீங்க கொஞ்சம் கனம்தான்" என்றார் கேப்டன், முன்னால் பார்த்தபடியே.

மிதவையில் மனைவி தலை நிமிரவில்லை. "இன்னைக்குக் காத்து நல்லா வருதே."

"அக்கா, நாம போயிட்டிருக்கோம்."

"எங்கடா?"

"அத்தானுக்கே தெரியாது. ஊர் கூடித் தேர் இழுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்க தேர் ஊரை இழுத்துட்டுப் போகுது."

பல் டாக்டர் கரையைத் தேடினார். இன்னொரு படகில் இருந்த, ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர் பழக்கத்தில் தன் படகில் மாட்டியிருந்த பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்து, "பின்னால வண்டி எதுவும் இல்ல, போகலாம்" என்றார். கரையில் துறைக்காரர் மட்டும் அறுந்த கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜூஸ் கடைக்காரர் தோளைத் தட்டிய பிறகுதான் கேப்டன் திரும்பிப் பார்த்தார். துறை முழுதும் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"நிறுத்தட்டுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தாள். கால்களைப் பார்த்தாள். அவை பலகைமேல்தான் இருந்தன, சபதத்துக்குப் பழுதில்லை.

"பாதியில எதுக்கு நிறுத்தணும்? முழுசா சுத்துங்க."

முக்கால் சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. ஏரி நடுவே துறை நின்றது. ஜூஸ் கடைக்காரர் கயிற்றைப் பிடித்து மிதவைக்குத் தாவி வந்தார்.

"அம்மா, இந்த இழுவைப் படகை அறுத்தா பாவம். அறுக்கல, முழுசாவே எடுத்துக்கறேன். விலை சொல்லுங்க."

"இது விக்கிறதுக்கில்ல" என்றாள் அவள். படகிலிருந்த கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சரி, கரைக்கு எப்படிப் போறது?" என்றார் ஜூஸ் கடைக்காரர்.

அவள் பட்டாணித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"காத்து தள்ளும். அதுவரைக்கும் சும்மா நிக்காம இதை உரிங்க."