தடா புல்வெளியில் நான் எறிந்த கல்

தடாவுக்கு அப்பால், ஏரி வற்றிய இடத்தில் மரமே இல்லாத புல்வெளி. பறவை பார்க்கும் ஆசையில் நகரியிலிருந்து தனியாக வந்து, காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால், கையில் கம்போடு ஒரு ஆள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார். ஏதோ கத்தினார், காற்றில் ஒன்றும் புரியவில்லை. ஒளிய ஒரு புதர்கூட இல்லை. போனில் சிக்னலும் இல்லை. அவர் நெருங்கியதும் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். அது அவர் நெற்றியைக் கிழித்தது.

திரும்பி ஓடினேன். பத்தடிகூடப் போகவில்லை, தரை உள்வாங்கியது. இடுப்பு வரை சேற்றில் இறங்கிவிட்டேன்.

“ஆடாதம்மா! ஆடுனா இன்னும் உள்ள பூடுவ!”

ரத்தம் வழியும் முகத்தோடு அவர் குப்புறப் படுத்துக் கம்பை நீட்டினார். மெல்ல மெல்ல என்னை இழுத்து மேலேற்றினார்.

“இந்தாண்ட சேறுன்னுதான் கத்திக்கினே வந்தேன்,” என்றார். அங்கே எருமை மேய்ப்பவராம்.

மன்னிப்புக் கேட்டு அழுதேன்.

“தனியா வர்ற பொம்பள வேற இன்னா பண்ணுவ? எனக்கும் பொண்ணு கீது,” என்றார்.

பயந்தது தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த நெற்றித் தழும்புக்கு அவர் ஊரில் என்ன காரணம் சொல்கிறாரோ என்ற நினைப்பு மட்டும் என்னை விடுவதில்லை.