ஆதாமுக்குப் பன்மை இல்லை என்று சொன்னவர்

சனிக்கிழமை காலை. வரிசையாகக் கம்பங்கூழ் ஊற்றிக்கொண்டு வந்த சமையல்கார மாரப்பண்ணன், பாதி வரிசையில் நின்றுவிட்டார்.

"நம்ம உபதேசியார் போயிட்டாருப்பா."

"எந்த ஊருக்குங்க?" என்றேன். கரண்டி என் மண்டையில் இறங்கியது. சூரமங்கலம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தவர் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாராம். நம் போர்டிங்கின் வார்டன், ஞானமுத்து உபதேசியார். நாம் வைத்த பெயர் உபத்திரவியார்.

நம் கையெழுத்துப் பத்திரிகையில் அஞ்சலி எழுத என்னைப் பிடித்திருக்கிறார்கள். என் கையெழுத்து அழகாம். அவருடைய எபிரேயச் சொல் விளக்க நோட்டை மூன்று முறை படியெடுக்கச் சொல்லித் தண்டித்ததில் வந்த அழகு அது. "செத்தவரைப் பத்தி நல்லதா எழுதுடா" என்கிறார் ஆசிரியராக இருக்கும் அண்ணன். நல்லது ஒரு பத்தியில் தீர்ந்துவிடும். மீதிப் பக்கத்துக்கு எங்கே போவேன்?

அந்த ஒரு பத்தி இது. மிஷன் வெள்ளைக்காரத் துரையிடம் எபிரேயம் கற்றவர் அவர். ஒருநாள் மைதானத்தில் குச்சியால் மூன்று எழுத்துகளை வலமிருந்து இடமாகக் கீறினார். "ஆதாம். இது ஒருத்தன் பேரு மட்டும் இல்லைடா, மனுசன்னே அர்த்தம். அதாமான்னா மண்ணு. அதோம்னா சிவப்பு. தாம்னா ரத்தம். எது வேருன்னு படிச்சவங்க இன்னும் சண்டை போடறாங்க. நாமக்கல் செம்மண்ணுல விழுந்து முழங்காலைச் சிராய்ச்சுக்கிட்டவனுக்கு மூணும் ஒண்ணுதான்." நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "இந்தச் சொல்லுக்குப் பன்மையே கிடையாது. ஒருத்தனும் ஆதாம்தான், ஒலகமே சேந்தாலும் ஆதாம்தான்." அப்போது அவர் குரல் நன்றாக இருந்தது. மறுக்கமாட்டேன்.

அதே வாயோடு சாப்பாட்டு அறைக்கு வந்தார். அங்கே என் சிநேகிதன் சாமுவேலின் டம்ளருக்கு அடியில் ஆணியால் ஒரு கோடு இருந்தது. யாரும் தவறி எடுத்துவிடக் கூடாதே என்று அவரே கீறியது. சாமுவேலின் அப்பா புதுச்சத்திரத்தில் எங்கள் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஏற்றத்துக்குத் தோல் சால் தைப்பவர். அவர் தைத்த தோலில் ஏறிவரும் தண்ணீரைக் குடித்துத்தான் நான் வளர்ந்தேன். அவர் மகன் வாய் வைத்த டம்ளர் மட்டும் ஆகாதாம். கேட்டதற்கு உபதேசியார் சொன்ன பதில்: "உங்கப்பாருங்க பொட்டியத் தூக்கிட்டு உங்களைக் கூட்டிட்டுப் போயிருவாங்கடா. அப்பறம் போர்டிங்கை எவன் நடத்தறது?"

போன மாசியில் ஒரு ஞாயிறு. ஆராதனை நடந்துகொண்டிருக்கையில் நாற்பது டம்ளருக்கும் அதே கோட்டைக் கீறினேன். அவருடைய பித்தளை டம்ளரையும் விடவில்லை. மத்தியானம் மிளகாயைக் கடித்தவர் டம்ளரை எடுத்தார், அடியைப் பார்த்தார், வைத்தார். அடுத்ததை எடுத்தார். அதிலும் கோடு. கண்ணில் நீர் வழிகிறது, மூக்கு ஒழுகுகிறது, விக்கல் எடுக்கிறது, மனுசன் தண்ணீர் குடிக்கவில்லை. விக்கல் நின்றதும் சாமுவேலின் காதைப் பிடித்தார்.

நான் எழுந்தேன். "நான்தானுங்க கீறினேன்."

"உக்காருடா. கவுண்டரு வூட்டுப் பையனுக்கு இந்தப் புத்தி வராது. சிநேகிதனுக்காகப் பொய் சொல்றே."

மடியிலிருந்து ஆணியை எடுத்துக் காட்டினேன்.

"அவன் குடுத்திருப்பான்."

என் குறும்பு எதையும் அதற்கு முன் அவர் நம்பாமல் இருந்ததில்லை. செய்யாததற்கும் சேர்த்து அடித்தவர்தான். அன்றைக்கு மட்டும் நான் உத்தமன். சாயங்காலத்துக்குள் சாமுவேல் தகரப்பெட்டியோடு வெளியே போய்விட்டான். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. இதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. செத்துவிட்டார் என்பதற்காக மன்னிக்கப் போவதும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மனிதனுக்கு இன்னொரு எபிரேயச் சொல்: எனோஷ். நலிந்தவன், சாகிறவன் என்று பொருள் எழுதியிருக்கிறார். அவருக்குப் பொருந்திவிட்டது. அன்று நான் கீறும்போது வாசலில் காவல் நின்ற மூன்று பேருக்கும், டம்ளர் எடுத்துக்கொடுத்த இரண்டு பேருக்கும் பொருந்தும். நான் எழுந்து நின்றபோது நீங்கள் ஐந்து பேரும் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெயர் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

இந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாள் தைத்திருக்கிறேன். கீறியது நான்தான் என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் ஒருவன் சொல் எடுபடாது என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று. புது வார்டன் திங்கட்கிழமை வருகிறார். சாமுவேலைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இதை அவரிடம் நீட்டப் போகிறேன்; அதற்குள் ஐந்து கையெழுத்து விழ வேண்டும்.

போன லீவில் ஊருக்குப் போனபோது சாமுவேல் எங்கள் கிணற்றடியில் உட்கார்ந்து தோல் தைத்துக்கொண்டிருந்தான். இங்கே என்னை "டேய் ஓட்டவாயா" என்று கூப்பிட்டவன். என்னைப் பார்த்ததும் ஊசியோடு எழுந்து நின்று, "எப்ப வந்தீங்க, சாமி?" என்று கேட்டான்.