கன்றுக்குட்டியைப் பார்க்கக் கல்வராயன் மலைக்கு

மாட்டுப் பொங்கல். காலை ஏழு மணிக்கே வடக்கனந்தல் பேருந்து நிறுத்தத்தில் நானும் என் மகள் கயலும் நின்றுகொண்டிருந்தோம். அவளுக்கு ஐந்து வயது. என் தோளில் ஒரு பெரிய பை. அதற்குள் இரண்டு ஸ்வெட்டர், காய்ச்சல் மருந்து, வெப்பமானி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், எலுமிச்சம்பழம், வாந்தி எடுத்தால் பிடிக்கப் பாலித்தீன் பைகள். கயலின் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் நீல வண்ணப் பொடிப் பொட்டலமும் மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலன்று மாட்டுக் கொம்புக்கு வண்ணம் அடிப்பார்கள். கொம்பு முளைக்காத கன்றுக்கு என்ன செய்வது? வண்ணத்தைக் குழைத்து, டம்ளரின் வாயை அதில் தோய்த்து, உடம்பெல்லாம் வட்டம் வட்டமாக அச்சுக் குத்துவார்கள். கயல் அச்சுக் குத்தப் போவது அவளுடைய கண்ணாடிக்கு.

கண்ணாடி எங்கள் வீட்டுக் கலப்பினப் பசு ஆடி மாதம் ஈன்ற செவலைக் காளைக் கன்று. ஒரு கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்ததால் கயல் வைத்த பெயர் அது. கலப்பினத்தில் காளைக் கன்று பிறந்தால் விவசாய வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பால் தராது, ஏருக்கும் ஆகாது. கார்த்திகையில் ஒரு வியாபாரி வாசலுக்கே வந்தார். கயல் பள்ளியிலிருந்து திரும்பியபோது முளைக்குச்சியில் கயிறு மட்டும் இருந்தது. இரண்டு நாள் அவள் சோறு சாப்பிடவில்லை. விற்றவர் என் கணவர். அவரும் சாப்பிடவில்லை.

அந்த வாரம்தான் எங்கள் வயலில் கரும்பு வெட்டிய மலை ஆட்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களில் பச்சையம்மாள் என்ற பெண், "மாட்டுப் பொங்கலுக்கு மேல வாங்கக்கா, பாப்பாவ கூட்டிக்கினு" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். "கண்ணாடி பச்சையம்மா அத்தைகூட மலைக்கு மேயப் போயிருக்குடா. மாட்டுப் பொங்கலுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டார். அன்றே அவள் சோறு சாப்பிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். மறந்துவிடுவாள் என்று நினைத்தோம். அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் வந்தபோது அவருக்குச் சர்க்கரை ஆலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. கரும்பு அரவை நேரத்தில் கிடைக்கவும் கிடைக்காது. பச்சையம்மாளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்று நான்கு நாளாக அவள் எண்ணுக்கு அழைத்தேன். மலையில் சிக்னல் இல்லை. போகாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். போகாவிட்டால் பொய் இன்றைக்கே உடையும். போனால் அங்கே போய் உடையும். இரண்டில் எது நல்ல தாய் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பகுதியைப் பார்க்காதவர்களுக்காக இந்தப் பொங்கலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு வந்த முதல் பொங்கல் இது. போகியன்று கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்குப் போயிருந்தேன். மஞ்சள் கொத்துக்கும் கரும்புக்கும் நடுவே நடக்க வழியில்லை. விலை கேட்டால் கடைக்காரர்கள், "மாவட்டத் தலைநகரம்மா, இனிமே இந்த ரேட்டுதான்" என்று சிரித்தார்கள். வடக்கனந்தலில் பொங்கலன்று தெருவை அடைத்துக் கோலப் போட்டி நடந்தது. மூன்று பேர் புது மாவட்டத்தின் வரைபடத்தையே கோலமாகப் போட்டிருந்தார்கள். மூன்று படமும் மூன்று விதமாக இருந்தன. நடுவர் தலையைச் சொறிந்துவிட்டு மயில் போட்ட பெண்ணுக்குப் பரிசைக் கொடுத்துவிட்டார்.

ஏழரைக்குப் பேருந்து வந்தது. கச்சிராயப்பாளையத்தில் இறங்கி மலைப் பேருந்துக்கு மாறினோம். பண்டிகைக் கூட்டம். ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. கயலின் டம்ளரைப் பார்த்துவிட்டு நடத்துநர், "இன்னா பாப்பா, டீ வேணுமா?" என்றார்.

"இல்ல, இது அச்சுக் குத்த. மலையில எங்க கன்னுக்குட்டி மேயுது."

"அதுக்கு டிக்கெட் எடுத்துக்கினு போச்சா?"

"நடந்தே போச்சு. பச்சையம்மா அத்தகூட."

"அப்ப சரி. உனுக்கு அரை டிக்கெட், அம்மாவுக்கு முழு டிக்கெட், டம்ளருக்கு ஃப்ரீ."

பக்கத்து இருக்கையில் ரிஷிவந்தியத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். கரியாலூரில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறாளாம். மடியில் ஒரு கட்டுக் கரும்பு. ஊர்ச் செய்தி எல்லாம் அவளிடம் இருந்தது. அவர்கள் ஊர்க் கோயிலில் இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தி, நெல் கம்மி, தை ஐந்தில் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்கு ஊரே வண்டி பேசிவிட்டது.

"வரியா? பொண்ணையும் கூட்டிக்கினு வா. சுருளிக் கிழங்கு அங்கதான் வாங்கணும். வேற எங்கயும் அந்த ருசி வராது."

"ஆத்துல தண்ணி இருக்குமே, கூட்டமா வேற இருக்கும்..." என்று இழுத்தேன்.

"தண்ணி இருக்குதேன்னுதான் எல்லாரும் போறாங்க" என்றாள் அவள்.

கோமுகி அணையைத் தாண்டும்போதே வெளியூர் வேன்கள் வரிசையாக நின்றன. கரையில் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் நான் கயலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். அவள் ஜன்னலில் முகத்தை வைத்து மாடு மேய்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். பாலித்தீன் பை கடைசியில் எனக்குத்தான் தேவைப்பட்டது. ரிஷிவந்தியத்துப் பெண் என் முதுகைத் தடவிக்கொடுத்து, "கொழந்தைக்குன்னு எடுத்தாந்த எலுமிச்சம்பழத்த நீ மோந்துக்க" என்றாள்.

பத்து மணிக்குக் கரியாலூருக்கு முன்னால் ஒரு வளைவில் இறங்கினோம். காற்றில் பனி இன்னும் இருந்தது. மரவள்ளித் தோட்டத்துக்கு நடுவே மண்பாதை. பச்சையம்மாளின் கணவர் சின்னத்தம்பி எங்களைப் பார்த்துவிட்டு எதிரே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கயல் கேட்டுவிட்டாள்.

"மாமா, கண்ணாடி எங்க?"

"கண்ணாடியா? வூட்டுக்குள்ள செவுத்துல மாட்டிக்கிதே."

நான் அவள் தலைக்குப் பின்னால் நின்று, கையால் கொம்பு காட்டி, வாலும் காட்டி, கும்பிட்டும் காட்டினேன். சின்னத்தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என்ன புரிந்ததோ, "ஓ, அதுவா! மாடெல்லாம் ஓடைக்குக் குளிக்கப் போயிருக்கு பாப்பா. பொழுது சாயத்தான் வரும்" என்றார்.

அடுப்பில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொதித்துக்கொண்டிருந்தன. பச்சையம்மாள் என்னைக் கட்டிக்கொள்ளாத குறையாக வரவேற்றாள். கயல் வெளியே கோழிகளைப் பார்க்கப் போனதும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"ஏங்க்கா, வித்ததப் போய் மேயப் போச்சுன்னு சொல்வாங்களா? சொன்னதுதான் சொன்னீங்க, இங்க வேற கூட்டிக்கினு வருவாங்களா?"

"அவர்தான் சொன்னார்..."

"நீங்களும் சும்மா இருந்தீங்க இல்ல?"

அவள் குழம்பைக் கிளறினாள்.

"மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மாட்டப் பத்திப் பொய் சொல்ல எனுக்கு நாக்கு வராது. நான் பேசாம இருந்துக்கறேன். அவ்ளோதான் என்னால முடியும். இந்த ஆளு எதையாவது சொல்லிக்குவாரு. அவுருக்குக் கூச்சமே கிடையாது."

"நான் சொல்றதுக்கெல்லாம் கூச்சம் எதுக்கு?" என்றார் வாசலிலிருந்து சின்னத்தம்பி.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கயல் இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு ஒரு கொட்டாங்குச்சியில் நீலப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தடத்தின் ஓரத்தில் கல் மேல் போய் உட்கார்ந்தாள். வெயில் படுகிறதே, பூச்சி கடிக்குமே என்று நான் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு தரமும், "பசிக்குதா?" என்றுதான் கேட்டேன்.

நான்கு மணிக்கு மணிச் சத்தம் கேட்டது. மேட்டிலிருந்து மாடுகள் இறங்கி வந்தன. மலை மாடுகள் எங்கள் ஊர் மாடுகளைவிடக் குட்டை. குளித்த ஈரத்தில் பளபளவென்று இருந்தன. கயல் எழுந்து நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பசுக்கள் போயின. எருதுகள் போயின. கன்றுகள் மூன்று வந்தன. வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, கடைசியாகச் செவலை ஒன்று. எதன் கண்ணிலும் வளையம் இல்லை.

ஊர்க்காரர்கள் சிலர் நின்று பார்த்தார்கள். பச்சையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சின்னத்தம்பி செவலைக் கன்றின் கழுத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"இதா பாரு உன் கண்ணாடி! எப்படி வளந்துட்டான் பாத்தியா?"

"வளையம் எங்க மாமா?"

"மலைத் தண்ணி அப்படி. நாலு தரம் ஓடையில குளிச்சா வெள்ளை எல்லாம் போயிரும். என் தலையத் தவிர."

யாரோ சிரித்தார்கள். கயல் சிரிக்கவில்லை. கன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். பிறகு அவள் சின்னத்தம்பியின் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

டம்ளரை நீலத்தில் தோய்த்து அதன் முதுகில் முதல் வட்டத்தைக் குத்தினாள். பிறகு விலாவில், தொடையில், மறுபக்கத்தில். கன்று சிலிர்த்துக்கொண்டு நின்றது. கொட்டாங்குச்சி காலியாகிற நேரத்தில் ஒரு விரலால் மிச்சத்தை வழித்து, அதன் ஒரு கண்ணைச் சுற்றி மெதுவாக வளையம் போட்டாள். பச்சையம்மாள் வீட்டுக்குள் போய்விட்டாள். வெளியே வந்தபோது கன்றுக்கும் கயலுக்கும் வெல்லப் பொங்கல் கொண்டுவந்தாள். ஊர் முழுக்கப் "பொங்கலோ பொங்கல்" என்று கூவினார்கள். நானும் கூவினேன். பொய் தப்பித்துவிட்டது என்ற நிம்மதியில் என் குரல்தான் எல்லோரையும்விட உயர்ந்து கேட்டிருக்கும்.

இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காணும் பொங்கல். எங்கள் பக்கத்தில் இதைக் கரிநாள் என்போம். நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டோம், கறி மட்டும் எடுப்போம். இந்த நாளில் குழந்தையோடு மலை இறங்கலாமா என்று நான் கேட்டதற்குப் பச்சையம்மாள், "வந்த எடத்துலருந்து வூட்டுக்குப் போறதுக்கு நாள் பாப்பாங்களா?" என்று சொல்லி, ஒரு படி சாமையை என் பையில் கொட்டினாள். வெப்பமானிக்கு இடம் போதாமல் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். பெரியார் நீர்வீழ்ச்சிக்குப் போகும் வேன்கள் பாட்டுச் சத்தத்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் பேருந்து மட்டும் கீழே இறங்கியது.

கயல் என் மடியில் இருந்தாள். மூன்றாவது வளைவோ நான்காவது வளைவோ, சொன்னாள்:

"அது கண்ணாடி இல்லம்மா."

"யார் சொன்னா?"

"அது பொட்டைக் கன்னு. கண்ணாடி காளை."

மாடு கட்டிய வீட்டில் வாழ்ந்துகொண்டு அதை நான் பார்க்கவே இல்லை. சின்னத்தம்பியும் பார்க்கவில்லை. கண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப ஏன் சரின்னு சொன்னே?"

"மாமா அவ்ளோ பேர் முன்னாடி சொன்னாரு இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கண்ணாடியை வித்துட்டாங்களாம்மா?"

தலையைத் தடவினேன். இந்தத் தடவை பசிக்கிறதா என்று கேட்கவில்லை. "ஆமாண்டா" என்றேன்.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், என் தோளில் முகத்தை வைத்து, அணைக்கட்டு வரும் வரைக்கும் அழுதாள். நடத்துநர் எங்கள் பக்கம் வந்துவிட்டு எதுவும் கேட்காமல் நகர்ந்து போனார். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அவளைச் சமாதானப்படுத்த என்னிடம் எதுவும் இல்லை. கரும்பு லாரிகள் ஆலையை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முகத்தைத் துடைத்துவிட்டபோது, "அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள்.

"எதை?"

"எனக்குத் தெரியும்னு."

வடக்கனந்தல் நிறுத்தத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஆலையிலிருந்து நேரே வந்திருக்கிறார் என்று சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். நான் பையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். அவர் மகளைத் தூக்கினார். கேட்க அவருக்குத் தைரியம் வர ஒரு நிமிடம் ஆயிற்று.

"பாத்தியாடா?"

"பாத்தேம்ப்பா. நல்லா வளந்துட்டான். உன்ன மறக்கவே இல்ல."

கயல் அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவர் அவளை இறக்காமல் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டே நடந்தார். பையைச் சுமந்துகொண்டு நான் அவர்கள் பின்னால் போனேன். தெருவில் மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் யாரோ, விழாமல் கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.